பன்றி வேட்டைக்குக் குடும்பத்தோடு போனால்: கூடாரத்துக் குளிரைப் பற்றி ஒரு பழைய டிரெஸ்ஸர்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பீடோர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அவருடைய மச்சானிடம் துப்பாக்கி லைசென்ஸும் காட்டுப்பன்றி சுடுவதற்கான பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) உரிமமும் இருக்கின்றன. வழக்கமாக ஆண்கள் மட்டும் போவார்கள். இந்த ஆண்டுக் கடைசி விடுமுறையில் மனைவி, 9 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள், 68 வயது அம்மா எல்லாரும் போகிறார்களாம். செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்து ஓரம், மலையடிவார ஆற்றங்கரையில் இரண்டு இரவு கூடாரம். அப்புறம் அப்படியே தாப்பா வழியாக ஏறி, கேமரன் மலையில் ஓர் இரவு. "மேலே குளிருமே ஐயா, பிள்ளைகளுக்கு என்ன வாங்குவது? கூடாரத்துக்குள் ஹீட்டர் மாதிரி ஏதாவது வைக்கலாமா?" என்று கேட்கிறார்.

நான் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வு பெற்றவன். மாமனார் வேட்டைக்காரர். அதனால் காட்டுக்குப் போனவர்களோடும் இருந்திருக்கிறேன், போய்விட்டுக் காய்ச்சலோடு திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஹீட்டருக்கு ஒரே வார்த்தையில் பதில்: வேண்டாம். எந்த மாதிரியும் வேண்டாம். காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

தம்பி, உங்கள் பயமெல்லாம் மூன்றாவது இரவைப் பற்றி. எனக்கு முதல் இரண்டு இரவுகள்தான் கவலை. கேமரன் குளிரும் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் குளிர்ச்சட்டை, கம்பளி, குல்லா எல்லாம் தானாகவே காரில் ஏறிவிடும். ஆற்றங்கரைக்குப் போகும்போது, "நம்ம ஊருதானே, வேர்த்து ஊத்தும்" என்று கைலியும் பனியனுமாகக் கிளம்புவோம். சாயங்காலம் 5 மணிக்கு மழை பிடிக்கும். அதிலிருந்து தொடங்குகிறது வம்பு.

ஒரு சம்பவம் சொல்கிறேன். என் இளைய மச்சானுக்கு அப்போது 11 வயது. பால்மர (ரப்பர்) காட்டைத் தாண்டிய ஓடை ஒன்றின் பக்கம் தார்ப்பாய் கட்டித் தங்கியிருந்தோம். மழையில் நன்றாக நனைந்துவிட்டான். துடைத்துக்கொள்ளச் சொன்னோம், தலையை மட்டும் துடைத்துக்கொண்டு அதே ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். இரவு 9 மணி வாக்கில் பல் கிட்டிக்கொண்டு நடுங்கினான். நாங்கள் சிரித்தோம். பிறகு நடுக்கம் நின்றுவிட்டது, சரியாகிவிட்டான் என்று நினைத்தோம். "குளுருதாடா?" என்றேன். "இல்ல மாமா" என்றான், ஆனால் நாக்குத் தடித்தவன் பேசுகிற மாதிரி வந்தது. சட்டையை மாற்றச் சொன்னேன். பொத்தானைப் பிடிக்கிறான், விரல் வழுக்குகிறது, மறுபடி பிடிக்கிறான். அந்த விரல்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வெளியே எப்படிப் பார்த்தாலும் 22, 23 டிகிரிதான் இருந்திருக்கும்.

மருத்துவத்தில் இதற்கு ஹைப்போதெர்மியா என்று பெயர். உடம்பின் உள்சூடு 37 டிகிரியிலிருந்து 35க்குக் கீழே இறங்கினால் அதுதான். இதற்குப் பனிக்கட்டி தேவையில்லை. ஈரமும் காற்றும் பசியும் சேர்ந்தால் போதும். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். ஈரப் பருத்திச் சட்டையைப் போட்டுக்கொண்டு தூங்குவது, தண்ணீரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குகிற மாதிரி. சின்னப் பிள்ளைகளின் உடம்பு சீக்கிரம் சூடிழக்கும். வயதானவர்களுக்கு நடுக்கமே சரியாக வராது, குளிர்வது அவர்களுக்கே தெரியாது. உங்கள் கூடாரத்தில் இரண்டு வகையும் இருக்கின்றன.

அன்றைக்குச் செய்ததை அப்படியே சொல்கிறேன். ஈரத் துணி முழுவதையும் கழற்றினோம், உள்ளாடை உட்பட. காய்ந்த சாக்கில் சுற்றி, எனக்கும் மாமனாருக்கும் நடுவில் போட்டுக்கொண்டோம், எங்கள் மேலும் சட்டையில்லாமல். வாய் குழறல் குறைந்து, கப்பைத் தானே பிடிக்க முடிந்த பிறகு, சீனி தூக்கலாக மைலோ கொடுத்தோம். கை காலைச் சூடு பறக்கத் தேய்க்கவில்லை, நெருப்புக்குப் பக்கத்திலும் உட்கார வைக்கவில்லை. முதலில் சூடேற வேண்டியது நெஞ்சும் வயிறும்தான். கை காலை வேகமாகத் தேய்த்தால் அங்கே தேங்கிய குளிர்ந்த இரத்தம் இதயத்துக்குப் போகும். அரை மணி நேரத்தில் மறுபடி நடுங்க ஆரம்பித்தான். அந்த நடுக்கம் நல்ல சகுனம். பேச்சுக் குழறல், தடுமாறும் நடை, காரணமில்லாத எரிச்சல், "எனக்கு ஒண்ணுமில்ல" என்ற அடம், இதெல்லாம் தெரிந்தும் நடுக்கம் இல்லையென்றால் சாமானை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வண்டியைக் கிளப்புங்கள். ஆளை அதிகம் அசைக்காமல், படுத்தவாக்கில் தூக்கிக்கொண்டு போங்கள்.

ஆகவே முதல் வேலை, ஆளுக்கு ஒரு செட் 'தூக்கத் துணி' தனியாக வைப்பது. பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டுவிடுங்கள். என்ன மழை வந்தாலும், எவ்வளவு கெஞ்சினாலும், பகலில் அதைத் தொடக்கூடாது. இருட்டும் முன் ஆற்றுக் குளியல் முடித்து, உடம்பைத் துடைத்து, அந்தச் செட்டைப் போட்டுவிட வேண்டும். பகலுக்குக் கனத்த பருத்தி டி-சட்டையும் ஜீன்ஸும் வேண்டாம். பையன்கள் பந்து விளையாடப் போடும் ஜெர்சி இருக்கிறதே, அது போதும். பிழிந்து உதறினால் சீக்கிரம் காயும். மோட்டார் ஓட்டுகிறவர்கள் போடும் மழைச்சட்டை ஆளுக்கு ஒன்று. பாதத்துக்குக் காய்ந்த காலுறை, தலைக்கு ஒரு குல்லா. பாட்டிக்குக் குரங்குக் குல்லா கொடுத்தால் கேலி செய்வார்கள், செய்யட்டும்.

அடுத்தது தரை. எல்லாரும் மேலே போர்த்துவதைத்தான் யோசிக்கிறார்கள். இரவில் சூட்டை அதிகம் திருடுவது அடியில் இருக்கும் மண். எத்தனை தடித்த கம்பளியாக இருந்தாலும், முதுகுக்கு அடியில் நசுங்கிவிட்டால் அதில் காற்று இல்லை, காற்று இல்லையென்றால் சூடு நிற்காது. ஊதிய காற்று மெத்தை சொகுசாகத் தெரியும், ஆனால் அதற்குள் காற்று புரண்டு புரண்டு சூட்டைத் தரைக்கே அனுப்பிவிடும். அதன் மேல் ஏதாவது விரிக்காமல் படுக்காதீர்கள். என்னைக் கேட்டால், ஆயா கொட்டகையில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) பிள்ளைகளுக்கு விரிப்பார்களே, பாகம் பாகமாகக் கோத்துப் போடும் ரப்பர் பாய், அதைவிட மலிவாகவும் நன்றாகவும் ஒன்று கிடையாது. அதுவும் இல்லையா, பெட்டிக் கடையில் அட்டைப்பெட்டி வாங்கிப் பிரித்து இரண்டடுக்காகப் போடுங்கள். கூடாரத்துக்கு அடியில் விரிக்கும் கான்வாஸ் கூடாரத்தின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் மழைத்தண்ணீரை வாங்கி நேராக உங்கள் முதுகுக்கடியில் கொண்டுவந்து சேர்க்கும்.

படுக்கும் முன் ஏதாவது சாப்பிட வேண்டும். செரிமானம் நடக்கும்போது உடம்பு கூடுதலாகச் சூடு உண்டாக்கும். சூடான கஞ்சியோ, அவித்த மரவள்ளியோ போதும். கொதித்து இறக்கிய தண்ணீரைத் தடித்த பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கி, காலுறைக்குள் நுழைத்துப் போர்வைக்குள் கால்மாட்டில் வையுங்கள். பிள்ளைகள் தோலில் நேராகப் படக்கூடாது. சிறுநீர் முட்டினால் அடக்கிக்கொண்டு கிடக்காதீர்கள், குளிரைச் சாக்கு வைத்து எல்லாரும் அடக்குவார்கள், அப்புறம் தூக்கமும் வராது.

சரி, இப்போது நெருப்பு.

மழை விடாமல் பெய்யும், பிள்ளை சிணுங்கும். யாராவது ஒருவர், "அந்தக் கரி அடுப்பை வாசல்ல உள்ள தள்ளி வைங்க, ஜுவாலை இல்ல, வெறும் தணல்தானே" என்பார். நல்ல மனதோடுதான் சொல்வார். தணல் சிவந்து, புகை அடங்கி, அழகாக இருக்கும் நேரத்தில்தான் அது கார்பன் மோனாக்சைடைக் கக்கிக்கொண்டிருக்கும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, கண்ணும் எரியாது. இரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், சோர்வு. இரவில் இதையெல்லாம் யார் கவனிப்பார்கள்? பயணக் களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். தூங்குகிறவருக்கு எந்த எச்சரிக்கையும் இல்லை. பார்பிக்யூ கரி, கொட்டாங்கச்சிக் கரி, பியூட்டேன் காஸ் அடுப்பு, மண்ணெண்ணெய் விளக்கு, ஜெனரேட்டர் எதுவும் கூடாரத்துக்குள் வரக்கூடாது, வாசல் தாழ்வாரத்துக்கும் வரக்கூடாது. "ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்தோம்" என்ற சமாதானமும் செல்லாது. கொசுவர்த்திச் சுருளும் வெளியிலேயே இருக்கட்டும். அதன் புகை ஒரு பக்கம் இருக்க, நைலான் கூடாரம் ஒரு பொறியில் உருகி ஒட்டிக்கொள்ளும்.

கார் எஞ்சினை ஓடவிட்டு ஏர்கோன் போட்டுத் தூங்குவதும் அதே கதைதான். புகைக்குழாயில் ஒரு சின்ன ஓட்டை இருந்தால் போதும். அம்மாவுக்குத் தரையில் படுத்து எழ முடியவில்லையென்றால் காரில் படுக்கட்டும், தாராளமாக. எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், கண்ணாடி இரண்டு விரல் இறங்கியிருக்க வேண்டும்.

கூடாரத்தை இறுக்கி மூடினால் சூடாக இருக்கும் என்பதும் தவறான எண்ணம். ஐந்தாறு பேர் விடும் மூச்சு துணியில் பட்டுத் தண்ணீராகி, விடியற்காலையில் சொட்டும். "ஓட்டைக் கூடாரத்தை வித்துட்டான்" என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். மேல் வலைச் சன்னலைத் திறந்தே வையுங்கள். காற்றோட்டம் இருக்கும் கூடாரம் காய்ந்த கூடாரம், காய்ந்ததுதான் சூடு.

ஆற்றங்கரையைப் பற்றி நிறைய சொல்ல வேண்டும், ஆனால் முக்கியமானது ஒன்றுதான்: கெப்பாலா ஆயர், அதாவது திடீர் ஆற்று வெள்ளம். நீங்கள் இருக்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை கொட்டியிருக்கும், ஆறு ஒரேயடியாகச் சுவர் மாதிரி வரும். தெளிந்த தண்ணீர் திடீரென்று பழுப்பாகிறதா, இலையும் சுள்ளியும் மிதந்து வருகிறதா, தூரத்தில் லாரி வருகிற மாதிரி ஓசை கேட்கிறதா, அடுத்த நிமிடம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள். செருப்பு, சட்டி, மீன்தூண்டில் எதற்கும் திரும்பக் கூடாது. மணல் திட்டில் கூடாரம் போடவே வேண்டாம். கரையில் மரக்கிளைகளில் சிக்கியிருக்கும் குப்பையைப் பாருங்கள். போன வெள்ளம் எந்த உயரத்துக்கு வந்தது என்று அது சொல்லும். அதற்கு மேலே போடுங்கள்.

மேட்டுக்கு ஏறுங்கள் என்றதும் மலைச்சரிவின் காலடியில் போய் ஒட்டிக்கொள்ளவும் கூடாது. 2022 டிசம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் பத்தாங் காலி பக்கம் ஒரு முகாமின் மேல் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள், அதில் பிள்ளைகளும் உண்டு. அதுவும் பள்ளி விடுமுறை நேரம்தான். உங்கள் கேமரன் இரவுக்கு இதுதான் என் முதல் நிபந்தனை: உரிமம் உள்ள முகாமாக இருக்க வேண்டும், வெட்டிய சரிவுக்குக் கீழே இருக்கக் கூடாது, தொடர்ந்து இரண்டு மூன்று நாள் மழையென்றால் கூடாரத்தை மறந்துவிட்டு கேமரனில் இருக்கும் தானா ராத்தா நகரில் ஓர் அறை எடுங்கள். பணம் போனால் போகட்டும்.

தலைக்கு மேலேயும் ஒரு கண் வேண்டும். செம்பனை மரத்துக்கு அடியில் போட்டால் மட்டை விழும், பழுத்த குலையும் விழும். பட்டுப்போன கிளையுள்ள பழைய பால்மரமும் ஆபத்து. டுரியான் மரத்தடியைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். இடி இடித்தால் கூடாரம் ஒரு பாதுகாப்பும் தராது, எல்லாரும் காருக்குள் போய்விடுங்கள். காலையில் பூட்ஸைத் தட்டி உதறிவிட்டுப் போடுங்கள், பூரானுக்கும் தேளுக்கும் அது பிடித்த வீடு. அட்டை கடித்தால் பயப்பட ஒன்றுமில்லை, நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பி எடுத்துவிட்டுக் கழுவுங்கள்.

இனி வேட்டை. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுவேன், மச்சான் கோபித்துக்கொள்ளக் கூடாது.

வேட்டையும் குடும்பமும் ஒரே இடத்தில் நடக்கக்கூடாது. சுடும் இடம் முகாமிலிருந்து நல்ல தூரத்தில், வேறு திசையில் இருக்க வேண்டும். செம்பனை நிரை நேராக இருக்கும், நிரையோடு போகும் தோட்டாவை நிறுத்த அங்கே ஒன்றும் இல்லை. கூடாரத் துணியா நிறுத்தப்போகிறது? இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் இரண்டு கண் மின்னியதும் சுடுகிற ஆளோடு குடும்பத்தை அனுப்பவே மாட்டேன். முழு உருவம் தெரியாமல் விசையில் விரல் போகக்கூடாது. முகாமில் இருப்பவர்கள் பளிச்சென்ற ஆரஞ்சு, மஞ்சள் உடை போடட்டும். பெண்களோ பிள்ளைகளோ ஒதுங்கப் போனால் டார்ச் எரிய வேண்டும், ஒருவர் துணைக்குப் போக வேண்டும். வேட்டைக்காரர் திரும்பும்போது தூரத்திலேயே குரல் கொடுத்துக்கொண்டு வர வேண்டும்.

முகாம் எல்லைக்கு வரும் முன்பே துப்பாக்கியை மடித்துத் திறந்து, தோட்டாவை எடுத்துவிட வேண்டும். தோட்டா வேறு பெட்டியில், பூட்டோடு. எனக்குத் தெரிந்த ஒரு குழுவில், மரத்தில் சாய்த்து வைத்திருந்த துப்பாக்கியை ஒரு சிறுவன் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். "வெறுங்குழல்தான்" என்றார் உடைமைக்காரர். திறந்து பார்த்தால் இடது குழலில் ஒரு தோட்டா. அந்த மனிதர் அதன்பிறகு அன்று முழுவதும் யாரிடமும் பேசவில்லை.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறதோ அவர் கையில்தான் துப்பாக்கி இருக்க வேண்டும், "கொஞ்சம் பிடிடா மாப்ள" கூடாது. பன்றிக்கு உரிமம் தருவது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், கம்பிக் கண்ணி வைப்பது அதே சட்டத்தில் குற்றம். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி தனி, ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் கால் வைக்க வன இலாகா அனுமதி தனி.

சுட்ட பன்றியை முகாமில் அறுக்க வேண்டாம். இரத்த வாடைக்கு என்னென்ன வரும் என்று இருட்டில் தெரிந்துகொள்ள வேண்டாம். அறுக்கிறவர் கையுறை போடட்டும், கையில் வெட்டுக்காயம் இருப்பவர் தொடவே வேண்டாம். இறைச்சி உள்ளே சிவப்பில்லாமல் நன்றாக வேக வேண்டும், காட்டுப்பன்றியில் புழு உண்டு.

அப்புறம் அந்த பாட்டில். வேட்டை முடிந்ததும் குளிருக்கு இதமாக ஒரு பெக் என்பார்கள். குடித்தால் தோலுக்கு இரத்தம் ஓடி வந்து சூடாகத் தெரியும். அந்தச் சூடு உள்ளிருந்து வெளியே கசிகிற சூடு, உடம்பு உள்ளே குளிர்ந்துகொண்டிருக்கும். நடுங்குகிறவனுக்கு சம்சு (மலிவுச் சாராயம்) கொடுத்துப் படுக்க வைப்பதைப்போல் ஒரு கேடு இல்லை. துப்பாக்கி இருக்கும் முகாமில் அது இருக்கவே கூடாது என்பது என் கருத்து. மாமனாரும் அப்படித்தான், குடிப்பவர்தான், ஆனால் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத்தான்.

திரும்பி வந்த பிறகு ஒரு மாதம் வரை காய்ச்சலைக் கவனியுங்கள். ஆற்றுத் தண்ணீரிலும் சேற்றிலும் எலிச் சிறுநீர் கலந்து வரும் லெப்டோஸ்பைரோசிஸ், பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் தலைகாட்டும். அதிகக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. 2010இல் பகாங், லூபுக் யூவில் ஆற்றில் மூழ்கிய ஒருவரைத் தேடப் போனவர்களே இதுபோன்ற தொற்றுகளால் நோயுற்று, சிலர் இறந்தும் போனார்கள். கிளினிக்கில் வெறும் காய்ச்சல் என்று சொல்லாதீர்கள், "ஆற்றில் குளித்தோம், பன்றி அறுத்தோம்" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். டெங்கியாகவும் இருக்கலாம், அதனால் பரிசோதிக்கும் வரை பாராசிட்டமோல் மட்டும், ஆஸ்பிரின் வேண்டாம்.

கேமரன் இரவுக்கு வருவோம். 100 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 0.6 டிகிரி குறையும். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது, பீடோரில் இரவு 24 டிகிரி என்றால் அங்கே 15, 16. காய்ந்திருந்தால் இது பெரிய குளிரே இல்லை. சிக்கல் என்னவென்றால், இரண்டு நாள் ஆற்றங்கரையில் நனைந்த துணியும் ஈரப் போர்வையும் ஈரக் கூடாரமுமாகத்தான் நீங்கள் மேலே ஏறப்போகிறீர்கள். அதனால் ஏறும் வழியில் தாப்பாவில் ஒரு மணி நேரம் நின்று, டோபிக் கடை இயந்திரத்தில் போர்வை எல்லாவற்றையும் காய வைத்துக்கொண்டு போங்கள். பசியாறிவிட்டு வருவதற்குள் காய்ந்துவிடும்.

அம்மாவின் பிரஷர், சீனி மாத்திரைகளை நீர் புகாத டப்பாவில் போட்டு உங்கள் சட்டைப்பையிலேயே வையுங்கள், பையில் வேண்டாம். எங்கே இருக்கிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், மலையடிவாரத்தில் லைன் கிடைக்காது.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, ஒரு சனிக்கிழமை, கூடாரத்தை வீட்டு முற்றத்தில் போட்டு, பிள்ளைகளை உள்ளே உட்காரச் சொல்லி, ரப்பர் குழாயால் கால் மணி நேரம் தண்ணீர் அடியுங்கள். எந்தத் தையலில் ஒழுகுகிறது என்று அவர்களே கத்திச் சொல்வார்கள். தையலில் ஒட்டும் சீம் டேப் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும்.